பெனினில் ஒன்றுமே இல்லையாம்

மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டுக்குப் போய்வந்து நம்ம ஊர்க்காரர் ஒருவர் போட்ட அந்தப் பயண வீடியோவைப் பார்த்துவிட்டேன். தயவுசெய்து இனி யாரும் இன்பாக்ஸில் அனுப்ப வேண்டாம். "வெறும் மண் சுவருதான் மக்களே, காசு வேஸ்ட்" என்கிறார். கீழே ஆயிரம் கைதட்டல்.

முதலில் அந்த முகப்புப் படம். அதில் இருக்கும் வெண்கலத் தலை அந்த நாட்டுடையதே அல்ல. 1897இல் ஆங்கிலேயப் படை கொள்ளையடித்த பெனின் வெண்கலங்கள் ஏடோ மக்களின் பழைய பெனின் அரசுக்குச் சொந்தமானவை. அதன் தலைநகரான பெனின் நகரம் இருப்பது நைஜீரியாவில். இவர் போன நாட்டுக்கு 1975 வரை டஹோமே என்று பெயர். பிறகு பக்கத்திலுள்ள வளைகுடாவின் பெயரை எடுத்து வைத்துக்கொண்டார்கள். ஐந்து நிமிடம் படித்திருந்தால் தெரிந்திருக்கும். படிக்காமல் போயிருக்கிறார்.

அந்த 'வெறும் மண் சுவர்', டஹோமே அரசர்களின் தலைநகரான அபோமேயின் அரண்மனைகள். யுனெஸ்கோ பட்டியலில் 1985இல் சேர்ந்தது. ஒவ்வொரு அரசரும் முந்தையவரின் அரண்மனையை இடிக்காமல் அதன் பக்கத்திலேயே தனக்கொன்று எழுப்ப, வளாகம் 47 ஹெக்டேர் வரை விரிந்துவிட்டது. சுவர்களில் புடைப்புச் சிற்பங்கள், அரசருக்கொரு சின்னம். எருமை என்றால் கெசோ, சிங்கம் என்றால் க்ளேலே, சுறா என்றால் பெஹான்சின். இது தெரியாமல் நின்றால் மிருகப் பொம்மைதான் தெரியும். பாதி ஏன் இடிந்து கிடக்கிறது என்று சிரிக்கிறாரே, 1892இல் பிரெஞ்சுப் படை நெருங்கியபோது பெஹான்சினே தீ வைத்துவிட்டுப் போனார். கீழடியில் உடைந்த பானை ஓட்டுக்கு நெகிழும் நமக்கு அடுத்தவன் மண் சுவர் மட்டும் வேஸ்ட்.

"பாதி மூடிக் கிடந்துச்சு" என்ற புகார் வேறு. புது அருங்காட்சியக வேலை நடக்கிற இடம் ஐயா அது. எந்தப் பகுதி திறந்திருக்கிறது என்று முதல் நாளே தங்குமிடத்தில் கேட்டுக்கொண்டு கிளம்ப வேண்டும். பெரிய நகரமான கோட்டோனுவிலிருந்து அபோமே 140 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஷேர் டாக்சி ஆள் நிரம்பினால்தான் நகரும், அதனால் விடியற்காலையில் ஸ்டாண்டில் இருக்க வேண்டும். பத்து மணிக்கு எழுந்து போனால் மாலைதான் போய்ச் சேருவீர்கள். அப்புறம் மண்தான் தெரியும்.

மஞ்சள் காய்ச்சல் ஊசியை "தேவையில்லாத சம்பிரதாயம்" என்றதுதான் எனக்கு உண்மையிலேயே கோபம். சான்றிதழ் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் அது செல்லுபடியாகும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். டிக்கெட் எடுப்பதற்கு முன்பே அங்கே விசாரித்துவிடுங்கள். தெரிந்த ஒருவர் திங்களன்று போட்டுக்கொண்டு வெள்ளியன்று கிளம்பப் பார்த்து, டிக்கெட் பணம் போய் நின்றார். திரும்பும்போது சான்றிதழ் இல்லையென்றால் நம் விமான நிலையத்திலேயே 6 நாள் வரை தனிமைப்படுத்துவார்கள். இதைக் கேட்டு யாராவது ஊசி போடாமல் போனால் அவரா வந்து கூட உட்காரப் போகிறார்?

பணம் யூரோவாகக் கொண்டுபோங்கள். அங்கே ஓடும் சிஎஃப்ஏ பிராங்க் யூரோவோடு கட்டப்பட்டது, ஒரு யூரோவுக்கு ஏறக்குறைய 656, ஏறாது இறங்காது. 10,000 பிராங்க் தாளை நீட்டினால் தெருவில் யாரிடமும் சில்லறை இருக்காது. செமிஜான் என்ற பைக் டாக்சியில் ஏறுமுன் விலை பேசுங்கள், இறங்கியபின் பேசினால் சண்டைதான். இவர் சண்டை போட்டதை வீடியோவாகவும் போட்டிருக்கிறார்.

"ஆபத்தான நாட்டுக்கு ஆள் சேர்க்கிறீங்களா?" என்று வருவீர்கள். வடக்கே புர்கினா ஃபாசோ, நைஜர் எல்லைப் பக்கம், பெஞ்சாரி காடு, போகாதீர்கள். ஒப்புக்கொள்கிறேன். நான் பேசுவது தெற்கைப் பற்றி.

அடுத்தது, "அவனுங்களே அடிமை வித்தவனுங்கதானே?" ஆமாம், விற்றார்கள். 1727இல் டஹோமே படை கடலோர ஊரான உய்தாவைப் பிடித்தது. அண்டை மக்களைச் சிறைபிடித்து அங்கிருந்து கப்பலேற்றினார்கள். அதை மறைப்பது யார்? கெசோவுக்குத் தோழனாக இருந்த பிரேசில் வியாபாரி டி சோசாவின் வாரிசுகள் இன்றும் உய்தாவில்தான் இருக்கிறார்கள். அங்கே அடிமைகளை ஏலம் விட்ட சதுக்கத்திலிருந்து கடற்கரையில் அவர்கள் நினைவாக நிற்கும் 'திரும்பாத வாசல்' வரை ஏறக்குறைய நாலு கிலோமீட்டர். இவர் அதை ஏசி காரில் கடந்து, வாசலுக்கு முன்னால் குதித்து ஒரு ரீல் எடுத்திருக்கிறார். நடந்திருக்கலாம். அந்த மண் சாலையில் நடக்காமல் எதற்குத்தான் போனார்? நோகூவே ஏரியில் கான்வியேயைப் பார்த்து "ஆப்பிரிக்க வெனிஸ்" என்றாரே, ஆள்பிடிப்புக்குத் தப்பி ஓடியவர்கள் தண்ணீருக்கு நடுவே கால் நட்டுக் கட்டிய ஊர் அது. படகிலிருந்து முகத்துக்கு நேரே கேமராவை நீட்டினால் முகத்தை மூடிக்கொள்ளத்தான் செய்வார்கள். அதற்கு "பழகத் தெரியாத ஜனங்க" என்று பட்டம்.

"உனக்குப் பொறாமை, அவருக்கு ஃபாலோயர் அதிகம்" என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. இருக்கட்டும்.

அபோமேயிலிருந்து அள்ளிப்போன 26 அரசப் பொருட்களைப் பிரான்ஸ் திருப்பிக் கொடுத்தது 2021 நவம்பரில்தான். சுறா மனிதனாக நிற்கும் பெஹான்சின் சிலையும் அதில் உண்டு. அவரை மார்த்தினிக் தீவுக்கு நாடு கடத்தினார்கள். 1906இல் அல்ஜீரியாவில் செத்தார். உடல் ஊர் வந்து சேர 1928 ஆயிற்று. அபோமே கோஹோ சதுக்கத்தில் அவருக்குச் சிலை, உள்ளங்கையை முன்னால் நீட்டி நிற்கும். பிரெஞ்சுக்காரனைப் பார்த்து 'நில்' என்கிற கை அது. நம் ஆள் பக்கத்தில் நின்று அதே மாதிரி கையைத் தூக்கி "ராஜா டாட்டா சொல்றாரு கைஸ்" என்கிறார்.