எலும்பு பரம்பரைச் சொத்து மட்டும்தானா?

"எங்கள் அம்மாவுக்கும் இப்படித்தான் கூன் விழுந்தது, எனக்கும் விழத்தான் செய்யும்" என்று வயதான பெண்கள் அலுத்துக்கொள்வதை நம்மில் பலர் கேட்டிருப்போம். அந்தக் கூனுக்கு ஒரு முக்கியக் காரணம், எலும்பின் அடர்த்தி குறைந்து எளிதில் முறியும் எலும்புப்புரை நோய். அந்தப் பேச்சில் பாதி உண்மை இருப்பதால்தான் அதை மறுத்துப் பேசுவது கடினமாக இருக்கிறது. எலும்பின் அடர்த்தியில் ஆளுக்கு ஆள் காணப்படும் வேறுபாட்டில் 50 முதல் 80 விழுக்காடு வரை மரபணுக்களால் வருவதாக இரட்டையர்களிடம் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் அந்த எண் ஒரு மக்கள் கூட்டத்துக்குள் இருக்கும் வேறுபாட்டைப் பற்றியது. ஒரு பெண்ணின் எலும்பில் எண்பது பங்கு பிறப்பிலேயே முடிவாகிவிட்டது, சாப்பாட்டுக்கு மிச்சம் இருபதுதான் என்று அதைப் படிப்பது தவறு.

மரபணுவும் உணவும் ஒன்றன் வழியாக மற்றொன்று வேலை செய்கின்றன. பாலில் உள்ள லாக்டோஸைச் செரிக்கும் திறன், உலகில் பெரும்பாலானோருக்கு, குழந்தைப் பருவம் கடந்தபின் மரபணுவின் காரணமாகக் குறைந்துவிடுகிறது. பால் குடித்ததும் வயிறு உப்பிப் பொருமுகிற பெண் காலப்போக்கில் பாலையே ஒதுக்கிவிடுகிறார். அதற்கு ஈடாகத் தயிரோ, முள்ளோடு உண்ணும் சிறு மீனோ, கீரையோ தட்டில் சேராவிட்டால் ஆண்டுக்கணக்கில் கால்சியம் குறைகிறது. இரத்தத்தில் கால்சியத்தின் அளவு இறங்க உடல் விடாது என்பதால், பாராதைராய்டு ஹார்மோன் பற்றாக்குறையை எலும்பிலிருந்து எடுத்து ஈடுகட்டுகிறது. மாதவிடாய் நின்று, ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண் ஹார்மோன் சரிந்த பிறகோ, எலும்பைக் கரைக்கும் செல்களுக்கு இருந்த கடிவாளமும் தளர்ந்துவிடுகிறது. இங்கே குற்றவாளி மரபணுவா, உணவா என்று கேட்பதே எனக்குப் பொருளற்றதாகப் படுகிறது.

ஒற்றை மரபணுவைப் பார்த்து உணவுத் திட்டம் வகுத்துத் தருகிறோம் என்று விற்கப்படும் பரிசோதனைகளிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. வைட்டமின் டி ஏற்பியின் (செல்களில் வைட்டமின் டி வேலை செய்யப் பற்றிக்கொள்ளும் புரதம்) மரபணு ஒன்றே எலும்படர்த்தியின் மரபுவழி வேறுபாட்டில் பெரும்பகுதியை விளக்கிவிடும் என்று 1994-இல் ஓர் ஆய்வு பரபரப்பாக வெளிவந்தது. 1997-இல் அந்த ஆய்வாளர்களே திருத்தம் வெளியிட நேர்ந்தது. இன்று எலும்படர்த்தியோடு தொடர்புடைய மரபணுப் பகுதிகள் ஐந்நூறுக்கும் மேல் தெரியவந்துள்ளன. பெரும்பாலானவற்றின் தனிப்பட்ட விளைவு மிகச் சிறியது.

உணவுப் பக்கத்திலும் எல்லோருக்கும் ஒரே மாத்திரை என்பது எடுபடவில்லை. பிரான்சில் முதியோர் இல்லங்களில் வாழ்ந்த, கால்சியமும் வைட்டமின் டியும் குறைவாக இருந்த பெண்களுக்கு அவ்விரண்டையும் கொடுத்தபோது இடுப்பெலும்பு முறிவு வெகுவாகக் குறைந்தது; அது 1992-இல் வெளியான முடிவு. அமெரிக்காவில் 36,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்து 2006-இல் வெளியான சோதனையில், ஏற்கெனவே ஓரளவு போதுமான கால்சியம் உண்டுவந்தவர்களிடம் முறிவுகள் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை, சிறுநீரகக் கல்தான் சற்றுக் கூடியது. குறை இருந்தவருக்குக் கொடுத்தது பலன் தந்தது, குறை இல்லாதவருக்கு ஏற்றியது பெரிதாக உதவவில்லை என்பதே நான் இவ்விரண்டிலிருந்தும் எடுத்துக்கொள்வது.

ஆகவே விலையுயர்ந்த மரபணுச் சோதனையைவிட, பெற்றோரில் யாருக்காவது இடுப்பெலும்பு முறிந்ததா என்ற கேள்வி பயனுள்ளது. முறிவு அபாயத்தைக் கணிக்க மருத்துவர்கள் பயன்படுத்தும் ஃப்ராக்ஸ் முறையிலும் அக்கேள்வி இருக்கிறது. ஆம் என்றால், எலும்படர்த்திப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. அதில் டி-மதிப்பு (ஆரோக்கியமான இளவயதினரின் சராசரியோடு ஒப்பிட்டுத் தரும் எண்) -2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால் அது எலும்புப்புரை. அந்த நிலையில் பாலும் கீரையும் மருந்துக்குத் துணைதானே தவிர, மருந்துக்கு மாற்று அல்ல.