ஈசலா, எறும்பா?

(ஐப்பசி மழை விட்ட சாயங்காலம். சேலம் பக்கம் ஒரு வீட்டுப் புழக்கடை. துவைக்கிற கல்லுக்குப் பக்கத்து விரிசலிலிருந்து இறக்கை முளைத்த பூச்சிகள் பொலபொலவென்று கிளம்புகின்றன. மாப்பிள்ளை கையில் பூதக்கண்ணாடி, மாமியார் கையில் தாம்பாளம்.)

மாமியார்: மாப்பிள்ளை, அந்த லைட்டைப் போடுங்க. அடியில் தாம்பாளத்தில் தண்ணீர் வைத்தால் மொத்த ஈசலும் வந்து விழுந்துவிடும். அரிசியும் பொட்டுக்கடலையும் வறுத்தே வைத்துவிட்டேன்.

மாப்பிள்ளை: ஐயோ அத்தை, ஈசல் என்று வாயால் சொல்லாதீங்க! ஈசல் என்றால் கரையான், கரையான் என்றால் என் புதுத் தேக்குக் கதவு, அதற்கு இன்னும் ஆறு மாசத் தவணை பாக்கி.

மாமியார்: மழை விட்டது, மண்ணிலிருந்து வருது, பறக்குது. அப்புறம் என்ன ஆராய்ச்சி?

மாப்பிள்ளை: எறும்பும் அப்படித்தான் பறக்கும். மழை விட்டதும் ராணியும் ஆணுமாகக் கல்யாணத்துக்குக் கிளம்பும். இதோ, இடுப்பைப் பாருங்க, நூலால் இறுக்கிக் கட்டின மாதிரி இருக்கு. ஈசலுக்கு இடுப்பே தெரியாது, மேலிருந்து கீழே வரை ஒரே கனம்.

மாமியார்: உங்களை மாதிரி.

மாப்பிள்ளை: (காதில் வாங்காமல்) மீசை முழங்கை மாதிரி மடங்கியிருக்கு, ஈசலுக்கு மணி கோத்த மாதிரி நேராக இருக்கும். முக்கியமானது இறக்கை. எறும்புக்கு முன் இறக்கை பெரிசு, பின் இறக்கை சின்னது. ஈசலுக்கு நாலும் ஒரே நீளம், உடம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும், தொட்டாலே உதிரும். இது எறும்புதான். முருகா, கதவு தப்பித்தது!

மாமியார்: எறும்பை வறுத்தால் புளிக்குமே.

மாப்பிள்ளை: அத்தை, கோபப்படாதீங்க. எறும்பு குளவிக்குச் சொந்தம். கரையான் கரப்பான்பூச்சிக்குப் பங்காளி. இத்தனை வருஷம் நீங்கள் வறுத்துத் தின்றது...

மாமியார்: இருக்கட்டும், போன ஞாயிறு நீங்கள் மூன்று தட்டு இறால் தின்றபோது நான் சொந்தபந்தம் விசாரித்தேனா?

மாப்பிள்ளை: இன்னொன்று கேளுங்க. எறும்பில் ஆண், கல்யாணம் முடிந்த கையோடு செத்துவிடும். கரையானில் ராஜா கடைசிவரை ராணியோடு புற்றுக்குள்ளேயே குடித்தனம் நடத்தும்.

மாமியார்: வேலை ஏதாவது செய்யுமா, இல்லை உங்க மாமா மாதிரி சாய்வு நாற்காலிதானா? சரி, ஈசல் இல்லையென்றால் அடுப்பையாவது அணைக்கிறேன். (நடந்தவர் நின்று) ஆமாம், நாலு இறக்கையும் ஒரே நீளம் என்றீர்களே, அது உதிர்ந்து கிடக்குமா?

மாப்பிள்ளை: குவியலாகக் கிடக்கும்.

மாமியார்: காலையில் அரை முறம் கூட்டி அள்ளினேன், அப்படித்தான் இருந்தது.

மாப்பிள்ளை: (பூதக்கண்ணாடி கீழே விழுகிறது) எங்கே அத்தை?

மாமியார்: உங்க கதவு நிலைக்குக் கீழேதான். எங்கே போறீங்க? அந்த லைட்டைக் கழற்றி அங்கே மாட்டுங்க, நான் தாம்பாளத்தோடு வருகிறேன்.