டவுனை அழகாக்கிவிட்டார்களாம்!

எங்கள் டவுன் மெயின் ரோட்டைத் தரம் உயர்த்தி முடித்துவிட்டார்கள். ரிப்பன் வெட்டியாச்சு. பெரிய மனிதர்கள் வந்து படம் பிடித்துக்கொண்டு போயாச்சு. முச்சந்தியில் ஊர்ப் பெயர் ஆளுயர எழுத்தில், பக்கத்தில் ஒரு சிவப்பு இதயத்தோடு நிற்கிறது. விளக்குக் கம்பம் ஒவ்வொன்றிலும் செம்பருத்திப் பூ. ராத்திரியானால் பச்சை, ஊதா, மஞ்சள் என்று மாறி மாறி எரிகிறது. மலேசியாவுக்கு வருகை தரும் ஆண்டு 2026 அல்லவா! செம்பனைக் காட்டுக்கு நடுவில் கிடக்கும் எங்கள் டவுனைத் தேடி வெளிநாட்டுக்காரன் வந்து செல்ஃபி எடுப்பான் என்று யாரோ நம்பியிருக்கிறார்கள். சரி, வரட்டும். படம் எடுத்து முடித்தவனுக்கு எதிர்க் கடையில் ஒரு தே தாரிக் குடிக்க ஆசை வந்தால் எந்த வழியாக நடந்து போவான்? அதை மட்டும் யாராவது எனக்குச் சொல்லுங்கள்.

என் வயிற்றெரிச்சலே அதுதான். இத்தனை வேலையும் காரில் போகிறவன் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கத்தான். நடக்கிற ஜனத்தை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எங்கள் டவுனில் நடப்பது யார் தெரியுமா? தோட்டத்தில் ரப்பர் மரம் சீவி ஓய்ந்தவர்கள். பால்மரத்தை அழித்துச் செம்பனை போட்டார்கள், பிறகு தோட்டத்தையே துண்டு போட்டு விற்றார்கள், லயத்து வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு மலிவு விலை வீட்டுக்கு வந்தவர்கள் இவர்கள். லைசென்ஸ் கிடையாது, கார் கிடையாது. பிள்ளைகள் கோலாலம்பூரிலோ ஜொகூர் பாருவிலோ வேலை பார்க்கிறார்கள். கிளினிக், மார்க்கெட், வங்கி, கோயில் எல்லாம் கால்நடைதான். அந்தக் காலும் எப்படிப்பட்ட கால்? 2019 தேசியச் சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் என்று வந்தது. நம் இந்தியர்களிடையே அதைவிடவும் அதிகம். விரல் எடுத்தவர், பாதம் மரத்துப்போனவர், கம்பூன்றுபவர் இல்லாத தெரு எங்கள் பக்கம் இல்லை. அவர்களுக்குப் போட்ட நடைபாதையைத்தான் வந்து பார்க்க வேண்டும்.

பழையது கோணல்மாணலாக இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தாழ்வாக இருந்தது. புதியதோ முழங்காலில் பாதி உயரத்துக்கு நிற்கிறது. ஏறுவதற்குச் சரிவு எங்கே என்று தேடினால் முச்சந்தி முனையில் ஒன்றே ஒன்று. சரிவென்றால் ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் விட வேண்டும் என்பது யாருக்கும் தெரிந்த கணக்கு. இவர்கள் விட்டிருப்பது சறுக்குமரம். அதுவும் போதாதென்று மோட்டார் சைக்கிள் ஏறக் கூடாது என்று அதன் வாயில் மூன்று இரும்புக் குட்டைத் தூண்களை நட்டுவைத்திருக்கிறார்கள். சக்கர நாற்காலி அதற்குள் நுழையாது. மோட்டார்காரன் மட்டும் கடைக்காரர் போட்டுவைத்த பலகை வழியாக ஜம்மென்று மேலே ஏறி, மருந்துக்கடை வாசலிலேயே நிறுத்திவிட்டுப் போகிறான்.

போன வாரம் அந்த மருந்துக்கடை முன்னால் ஒரு பாட்டி இறங்கப் பார்த்ததைக் கண்டேன். முதலில் மருந்துப் பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். கம்பைக் கீழே ஊன்றிப் பார்த்தார், எட்டவில்லை. பக்கத்தில் நின்ற மோட்டாரின் சீட்டை ஒரு கையால் பிடித்து, உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, செருப்பைக் கழற்றிக் கீழே போட்டுவிட்டு, வெறுங்காலால் துழாவுகிறார். ஓடிப்போய்க் கையைக் கொடுத்தேன். "மலையில ஏறி மரம் சீவுன காலு தம்பி இது. இந்தப் படியில எறங்க முடியல பாத்தியா" என்றார். அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் ரத்தம் கொதித்தது.

அப்புறம் அந்த மஞ்சள் கல். பார்வையில்லாதவர்களுக்காக 1967இல் ஜப்பானில் ஒகாயாமா ஊரில் முதன்முதலாகப் பதித்தார்கள், உலகம் முழுக்கப் பரவியது. நீளக்கோடு போட்ட கல் என்றால் நேரே போகலாம். புள்ளி போட்ட கல் என்றால் நில், கவனி. இவ்வளவுதான் அதன் இலக்கணம். எங்கள் ஊரில் நீளக்கோடு நேராகப் போய் ஒரு செம்பருத்தி விளக்குக் கம்பத்தில் முட்டுகிறது! முட்டுகிற இடத்திலாவது புள்ளிக்கல் இருக்கிறதா என்றால் இல்லை. அதை நடைபாதையின் நடுவில், காரணமே இல்லாத இடத்தில் நாலைந்து பதித்திருக்கிறார்கள். மிஞ்சிய கல்லை வீணாக்க வேண்டாம் என்று நினைத்திருப்பார்கள் போல. பொது வசதிகளை மற்றவர்களைப் போலவே பயன்படுத்த மாற்றுத்திறனாளிகளுக்கு உரிமை உண்டு என்று 2008இலேயே சட்டம் வந்தாயிற்று. கல்லைப் பதித்துவிட்டால் சட்டத்துக்கு மரியாதை செய்தாயிற்று என்று நினைப்பு!

மற்றக் கல்லெல்லாம் வழவழவென்று மினுக்குகிற டைல்ஸ். நம் நாட்டில் பிற்பகலானால் மழை கொட்டும் என்பது குத்தகையாளருக்குத் தெரியாதா? குளியலறையில்கூட இப்போது யாரும் அந்தக் கல்லைப் போடுவதில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வெள்ளைச் சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு ரோட்டில் இறங்கி நடக்கிறார்கள். அதுதான் பத்திரமாம்.

இது புதுப் பக்கத்துக் கதை. எதிர்ப் பக்கம் பழைய கடை வரிசை. அங்கே அஞ்சடிதான் நடைபாதை. கடைக்கு முன்னால் கூரையோடு நடைவழி விட வேண்டும் என்பது 1822இல் ராஃபிள்ஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி சிங்கப்பூருக்குப் போட்ட நகரத் திட்டத்திலேயே உண்டு. வெயிலும் மழையும் தெரிந்து செய்த ஏற்பாடு. இருநூறு வருஷம் கழித்து நாம் என்ன செய்கிறோம்? பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதுத் தாரை ஊற்றுகிறோம். தேர்தலுக்குத் தேர்தல் ஒரு அடுக்கு. ரோடு உயர்ந்துகொண்டே போக, அஞ்சடி பள்ளமாகிவிட்டது. மழைத் தண்ணீர் லோங்காங்குக்கு, அதாவது ரோட்டோர வடிகாலுக்கு, போகாமல் கடைக்குள் வருகிறது. மளிகைக்கடைக்காரர் வாசலில் சிமென்ட் திண்டு கட்டிக்கொண்டார், அடுத்த கடை அதைவிட ஒரு சாண் அதிகமாகக் கட்டிக்கொண்டது. இப்போது அந்த வரிசையில் நடந்தால் கடைக்குக் கடை ஏறி இறங்க வேண்டும். லோங்காங் இரும்பு மூடி இரண்டு இடத்தில் காணவில்லை, பழைய இரும்புக்கு எடைபோட்டிருப்பான் எவனோ. அதற்கு மேல் ஒரு மரப்பலகை கிடக்கிறது, நாற்காலி ஒன்றைக் கவிழ்த்துவைத்திருக்கிறார்கள். அதுதான் அபாய அறிவிப்பு.

நம் ஆட்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. துணிக்கடைக்காரர் அஞ்சடியை மறித்துப் பொம்மைகளுக்குச் சேலை கட்டி நிறுத்துகிறார். சாப்பாட்டுக்கடையில் அங்கேயே மேசை, அங்கேயே அடுப்பு, அங்கேயே பாத்திரம் கழுவல். வழியை மறிப்பது 1974 சாலை, வடிகால், கட்டடச் சட்டப்படி குற்றம். கேட்டால், "என்னண்ணே, ஒரு மேசைதானே" என்கிறார்கள். ஒவ்வொருவனுக்கும் ஒரு மேசைதான். ஆயாதான் ரோட்டில் இறங்கி நடக்கிறது.

ரோடு மட்டும் நன்றாக இருக்கிறதா? புதுத் தாரின் சூடு ஆறும் முன்னே குழாய் போட ஒரு கூட்டம் வந்து குறுக்கே வெட்டியது. வெட்டிய இடத்தை மூடியது ஒரு மேடு. அதன் மேல் செம்பனைக் குலை லாரி தடதடவென்று போகும்போது முள்ளோடு நாலு பழம் தெறித்து விழுகிறது. கொஞ்சம் தள்ளி வந்தால் தமிழ்ப்பள்ளி. சரியாக அந்த வளைவுக்கு முன்னாலேயே நடைபாதை முடிந்துவிட்டது. அதற்கப்புறம் புல்லும் சேறும், லாரியும், எட்டு வயதுப் பிள்ளைகளும். பள்ளிக்கூடம் "திட்ட எல்லைக்கு வெளியே" இருக்கிறதாம். ஊர்ப் பெயர் எழுத்துக்கும் இதயத்துக்கும் எல்லை எட்டியது, நூறு பிள்ளைகள் நடக்கும் வளைவுக்கு எட்டவில்லை!

யாரிடம் போய்ச் சொல்வது? ரோடு ஒருவர் கையில், லோங்காங் இன்னொருவர் கையில், கம்பம் வேறொருவருடையது. ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கை காட்டுகிறார்கள். புகார் போட்டால் நன்றி சொல்லிப் பதில் வருகிறது, சில நாளில் "தீர்வு காணப்பட்டது" என்று இன்னொரு பதில் வருகிறது. கம்பம் அங்கேயேதான் நிற்கிறது. கவுன்சிலரைக் கேட்கலாம் என்றால் அவரை நாம் தேர்ந்தெடுக்கவே இல்லையே. இந்தோனேசியாவோடு மோதல் நடந்த 1965இல் ஊராட்சித் தேர்தலை நிறுத்திவைத்தார்கள், 1976 ஊராட்சிச் சட்டம் அதற்கு ஒரேயடியாக மூடுவிழா நடத்திவிட்டது. அன்றிலிருந்து எல்லாம் நியமனம். ஓட்டுப் போட்டு அனுப்பியவனிடம் பயம் இருக்கும். நியமித்தவர் மேலேதானே இருக்கிறார், இவர்கள் கண் அங்கேதான் போகும்.

அடுத்த கட்ட வேலை வருகிறதென்று பேச்சு. நீரூற்று வைக்கப் போகிறார்களாம். நீரூற்று வேண்டாம் சாமி. திட்டம் வரைகிறவர் ஒரு நாள், ஒரே ஒரு நாள், காரை வீட்டில் விட்டுவிட்டு எங்கள் பாட்டி ஒருவரோடு கிளினிக்கிலிருந்து மார்க்கெட் வரை நடக்கட்டும். கம்பத்தைத் தள்ளி நடுங்கள், நாலு இடத்தில் சரிவு போடுங்கள், லோங்காங்கை மூடுங்கள், நடைபாதையைப் பள்ளி வாசல் வரைக்கும் கொண்டுபோங்கள். செம்பருத்தி விளக்குக்குச் செலவழித்ததில் இதற்கெல்லாம் எவ்வளவு ஆகிவிடும்? மதிப்பீட்டு வரியைப் பிப்ரவரிக் கடைசிக்குள் ஒன்று, ஆகஸ்ட் கடைசிக்குள் ஒன்று என்று நாங்கள் வரிசையில் நின்று கட்டுகிறோம். ஒரு நாள் பிந்தினால் நோட்டீஸ் மட்டும் வீடு தேடி வருகிறது. அதைக் கொண்டுவருகிறவரும் மோட்டாரில்தான் வருகிறார்.