நாய்க்குத் தனி வீடா?

கம்பத்திலிருந்து மலையேறிக் குமுளி போய், அங்கே இன்னொரு பஸ் பிடித்தால் கேரளத்து வண்டிப்பெரியாறு. தேயிலைத் தோட்டத்து லயத்தில் மகள் வீடு. போன மாதம் போனபோது மூன்று வயதுப் பேத்திக்கு ஒரு படப்புத்தகம் வாங்கிப் போனேன். ஒரு நாய், ஒரு வீடு, ஒரு சிறுவன். பக்கத்துக்கு ஒரு வரி. அட்டை கெட்டியாக இருந்ததால்தான் வாங்கினேன் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

மடியில் வைத்து ஆரம்பித்தேன். இது என்ன? நாய். இது என்ன? வீடு. வீடு என்ன நிறம்? நான்கு பக்கம் தாண்டுவதற்குள் நழுவி வாசலுக்குப் போய்விட்டாள். குழந்தைக்குப் புத்தகம் காட்டுவது என்றால், நம்மைப் பொறுத்தவரை அதற்குப் பரீட்சை வைப்பதுதான். விருந்தாளி வந்தால், "மாமாவுக்குச் சொல்லிக் காட்டு" என்று மறுபரீட்சை வேறு. 1988-இல் வைட்ஹர்ஸ்ட் என்ற அமெரிக்க உளவியலாளரின் குழு, இரண்டு வயதை ஒட்டிய குழந்தைகளின் பெற்றோரிடம் ஒன்றைச் செய்யச் சொன்னது. ஒற்றைச் சொல்லில் பதில் முடிந்துபோகும் கேள்விகளைக் குறைத்து, குழந்தையைப் பேசவிட்டு, அது சொன்னதோடு ஒரு சொல்லைச் சேர்த்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒரே மாதத்தில் அந்தக் குழந்தைகளின் பேச்சு மற்றக் குழந்தைகளைவிட முன்னே போயிருந்தது. இதை நான் எப்போதோ படித்தவள். படித்தும் என் வாயில் வந்தது "இது என்ன?" தான்.

மறுநாள் காலை அவளே புத்தகத்தை இழுத்துவந்து விரித்து, நாயின்மேல் விரலை வைத்து, "பட்டி!" என்றாள். அங்கன்வாடி மலையாளம். நாய் என்று திருத்த வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். நான் பிறந்தது காமயகவுண்டன்பட்டி. அந்தப் பெயரைச் சொன்னால் இந்த லயத்து வாண்டுகள் விழுந்து விழுந்து சிரிக்கின்றன. ஊருக்கே நாயின் பெயரை வைத்திருக்கிறார்களாம்! நாய் எல்லை தாண்டினால் பட்டியாகிவிடுகிறது. வீடு மட்டும் இரண்டு பக்கமும் வீடாகவே இருக்கிறது. எங்களைப் போன்ற எல்லைக் குடும்பங்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: ஒரே படக்கதையைத் தமிழிலும் மலையாளத்திலும் வாங்கி வையுங்கள். சென்னையில் 1996-இல் தொடங்கிய தூலிகா போன்ற பதிப்பகங்களில் அப்படிக் கிடைக்கிறது.

அடுத்த பக்கத்தில் மரத்தடியில் சிவப்புக் கூரையோடு ஒரு நாய்க்கூண்டு. பேத்தி அதை வெகுநேரம் பார்த்தாள்.

"அம்மாச்சி, நாய்க்குத் தனி வீடா?"

சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை. லயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: ஒரே நீளக் கட்டடம், சுவருக்குச் சுவர் ஒட்டிய குடித்தனங்கள். மகள் வீட்டில் ஓர் அறை, ஓர் அடுப்படி. அதில் ஐந்து பேர். பக்கத்து வீட்டில் தாளிப்பது இங்கே மூக்கில் ஏறும். தொழிலாளிக்கு வீடு கொடுப்பது முதலாளியின் கடமை என்று 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டமே சொல்லிவிட்டது. ஆனால் வேலை இருக்கும்வரைதான் வீடு.

அன்று நான் பதிலே சொல்லவில்லை. "அப்படித்தான் போலிருக்கிறது, உள்ளே யார் யார் இருப்பார்கள்?" என்று மட்டும் கேட்டேன். அவ்வளவுதான். உள்ளே அடுப்பு உண்டா, மழை பெய்தால் ஒழுகுமா, நாயின் அம்மா கொழுந்து கிள்ளப் போயிருக்கிறாளா என்று அவளே கேட்டு அவளே விடையும் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த ஒரு பக்கத்தைத் திருப்ப அரைமணி நேரமாயிற்று.

அந்நிய வீடும் அந்நிய நாயும் நம் பிள்ளைகளுக்கு எதற்கு என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. லயத்துப் படமாக இருந்திருந்தால் அந்தக் கேள்வி வந்திருக்காது. ஆனால் எல்லாப் புத்தகமும் இப்படியே இருப்பதுதான் உறுத்துகிறது. கம்பத்துக்குப் பக்கத்தில் கோம்பை இருக்கிறது. செம்மேனியும் கருமூஞ்சியுமாக ஊர்ப் பெயரையே தன் பெயராகக் கொண்ட ஒரு நாயினமும் இருக்கிறது. நான் வாங்கிய ஒரு படப்புத்தகத்திலும் அது இதுவரை குரைக்கவில்லை.

இந்த மலையில் நாயும் வீடும் சேர்ந்த கதை என்றால் பெரியவர்களுக்கு ஒன்றுதான் நினைவுக்கு வரும். 2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாற்றுக்கு அப்பால் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்கள் புதைந்தன. இறந்தவர்கள் 70 பேர். பெரும்பாலும் நம் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள். குவி என்ற நாய், தன்னோடு விளையாடிய இரண்டு வயதுக் குழந்தையின் உடல் இருந்த இடத்தை நாள்கள் கழித்துக் காட்டிக்கொடுத்தது. அதையும் படக்கதையாக்கலாமே என்று ஒருவர் என்னிடம் சொன்னார். மூன்று வயதுக்கு வேண்டாம். அந்தத் துக்கத்தைப் பெரியவர்கள் சுமக்கட்டும். அவள் வளர்ந்து கேட்கும்போது சொல்கிறேன்.

இப்போதைக்கு அவளுக்கு வேறு கவலை. வாசற்படியில் படுக்கும் லயத்து நாய்க்கும் வீடு வேண்டும் என்று இரண்டு நாள் அழுதாள். மருமகன் பழைய பலகைகளை அடித்து ஒரு கூண்டு செய்து, மேலே தகரத் துண்டும் போட்டுக் கொடுத்தார். நாய் ஒருமுறை மோந்து பார்த்துவிட்டுப் படிக்கே திரும்பிவிட்டது. நேற்று மகள் போனில் சொன்னாள்: பக்கத்து வீட்டுக் கோழி அதற்குள் முட்டையிட்டிருக்கிறதாம்.