நூறு நிமிடமும் வாசலில் நிற்கும் ஒரு பெண்

'விண்டர்ஸ் போன்' படத்தைப் பார்க்கச் சொன்ன நண்பர்களில் பாதிப் பேர், முதல் அரைமணி நேரத்தில் ஒன்றுமே நடக்கவில்லை என்று நிறுத்திவிட்டார்கள். டெப்ரா கிரானிக் இயக்கி 2010இல் வெளிவந்த இந்தக் குற்றப் படம் ஓடுவதே நூறு நிமிடம்தான். அதன் நிதானத்தை எடுத்துவிட்டால் கதையே மிஞ்சாது என்பது என் உறுதியான எண்ணம்.

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்து ஓசார்க் மலைப்பகுதியில் வாழும் 17 வயது ரீ டாலியின் பொறுப்பில், மனம் பாதிக்கப்பட்டுப் பேச்சற்றுப் போன தாயும், சிறு வயதுத் தம்பியும் தங்கையும் இருக்கிறார்கள். மெத் என்னும் போதைப்பொருளைக் காய்ச்சிப் பிடிபட்ட தந்தை, வீட்டையும் காட்டு நிலத்தையும் ஜாமீனுக்கு ஈடாக வைத்துவிட்டுக் காணாமல் போகிறார். அவர் நீதிமன்றத்துக்கு வராவிட்டால் வீடு பறிபோகும். இறந்துவிட்டார் என்றால் அதையும் அவள்தான் நிரூபிக்க வேண்டும்.

ரீ பெரும்பாலும் நடந்தே போகிறாள். அவள் தட்டும் கதவுகளுக்குப் பின்னால் இருப்பவர்களில் பலர் ஏதோ ஒரு வழியில் உறவினர்கள். இரத்த உறவு என்பதால் எளிதில் விரட்டவும் முடியாமல், குற்றத்தில் பங்கு இருப்பதால் உள்ளே விடவும் முடியாமல் தவிப்பவர்கள். தம்ப் மில்ட்டன் என்னும் பெரிய மனிதரைத் தேடிப் போகும்போது, இந்த வேலைக்கு உன் வீட்டில் ஆண்கள் இல்லையா என்று அவர் மனைவி கேட்கிறாள். இல்லை என்று மரியாதையோடு சொல்லிவிட்டு, ரீ குளிரில் முற்றத்தில் காத்திருக்கிறாள். அந்தக் காத்திருப்பை வெட்டிச் சுருக்கியிருந்தால், அந்த ஊரில் ஒரு கேள்வி கேட்பதற்கு எவ்வளவு விலை கொடுக்க வேண்டும் என்பது நமக்கு உறைத்திருக்காது. ஆண்களின் மௌனத்துக்குக் காவல் நிற்பவர்கள் பெண்கள். அவளை அடித்து நொறுக்குபவர்களும் பெண்களே. பிறகு அதே பெண்கள் என்ன செய்கிறார்கள் என்பதைப் படம் பார்க்காதவர்களுக்காகச் சொல்லாமல் விடுகிறேன்.

துணிச்சலான நாயகி என்றாலே நாலு பேரை அடித்து வீழ்த்துபவள் என்று எழுதுவது எனக்கு எப்போதோ சலித்துவிட்டது. ரீ யாரையும் வெல்வதில்லை. தம்பி தங்கைக்கு அணிலைச் சுடவும் தோலுரிக்கவும் கற்றுத்தருகிறாள், தான் இல்லாத நாளிலும் அவர்கள் பசியாற வேண்டும் என்பதற்காக. இந்தப் பாத்திரத்துக்காகச் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் பரிந்துரையைப் பெற்றபோது ஜெனிஃபர் லாரன்ஸுக்கு வயது 20.

என்னை இன்றும் விடாமல் தொடர்வது ராணுவ ஆளெடுப்பு அலுவலகக் காட்சி. சேர்ந்தால் 40,000 டாலர் கிடைக்கும் என்று நம்பி, வீட்டைக் காப்பாற்ற அவள் அங்கே போய் உட்காருகிறாள். பணம் உடனே வராது, 18 வயது ஆகாததால் பெற்றோரின் கையெழுத்தும் வேண்டும் என்று அதிகாரி பொறுமையாக விளக்குகிறார். தேடிக்கொண்டிருக்கும் தந்தையின் கையெழுத்தை அவள் எங்கே போய் வாங்குவாள்? இருவரில் எவரும் குரலை உயர்த்துவதில்லை. கேமரா அவள் முகத்தை விட்டு விலக அவசரப்படுவதும் இல்லை.