பேட்டரி ஸ்டிக்கருக்குள் உளவு சிப்பா?

பழைய சாம்சங் போனின் பேட்டரியை வெளியே எடுத்து, மேலே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை உரித்துக் காட்டும் வீடியோ ஒன்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. உள்ளே தெரியும் செம்புக் கம்பிச் சுருள் நம் படங்களையும் பேச்சையும் திருடி அனுப்புகிறது, உடனே கிழித்தெறியுங்கள் என்கிறார்கள். இது தவறு.

அது என்எப்சி (நியர் ஃபீல்ட் கம்யூனிகேஷன்) ஆன்டெனா. இரண்டு கருவிகளை ஒட்டிவைத்தால் தகவல் பரிமாறும் வசதிக்கானது. 13.56 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், சில சென்டிமீட்டர் தூரத்துக்குள்தான் வேலை செய்யும். வெறும் சுருள் என்பதால் அதில் எதையும் சேமிக்க முடியாது. எங்கோ இருக்கும் ஒருவருக்கு அனுப்பவும் முடியாது.

நீங்களே சரிபார்க்கலாம். கேலக்ஸி எஸ்4 போன்ற மாடல்களில் பேட்டரியின் மேலேயே 'நியர் ஃபீல்ட் கம்யூனிகேஷன்' என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கும். ஒளித்துவைக்கும் பொருளுக்குப் பெயர் எழுதி யார் ஒட்டுவார்கள்?

எனக்குக் கவலை தருவது வேறு. கத்தியால் சுரண்டும்போது லித்தியம் அயன் பேட்டரியில் ஓட்டை விழுந்தால் தீப்பிடிக்கலாம். பிள்ளைகளும் இந்த வீடியோவைப் பார்க்கிறார்கள். தயவுசெய்து இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். ஏற்கெனவே அனுப்பியிருந்தால், அதே குழுவில் இந்த விளக்கத்தையும் போடுங்கள். உரித்தபோது பேட்டரி கிழிந்தோ உப்பியோ போயிருந்தால் திரும்பப் போனில் மாட்ட வேண்டாம். மின்கழிவு சேகரிப்பவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.