லயத்துக் கூரை யார் பெயரில் இருக்கிறது? நமது பாராளுமன்ற உறுப்பினர்களிடம் கேட்க வேண்டியது

சில வாரங்களுக்கு முன் தலவாக்கலை நகரில் பேருந்துக்காகக் காத்திருந்தபோது, நாற்பது வருடம் கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற ஒரு பெரியம்மா என் கையிலிருந்த பத்திரிகையைப் பார்த்துவிட்டு என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். முதற்பக்கத்தில் நமது நுவரெலியா மாவட்டத்தின் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவருடைய படமும், சம்பள உயர்வு பற்றிய செய்தியும் இருந்தன. "மாஸ்டர், சம்பளம் கூடுச்சுன்னு போட்டிருக்காங்க, சந்தோசந்தான். நாங்க இருக்கிற காம்பரா யாரு பேருல இருக்குன்னு அந்தப் பேப்பருல எங்கயாவது போட்டிருக்கா?" என்றார். காம்பரா என்பது தோட்டத்து வரிசை வீடான லயத்தில் ஒரு குடும்பம் வாழும் அறை. அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு அந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு பாராளுமன்ற விவாதங்களின் அச்சுப் பதிவான ஹன்சாட்டின் பழைய இதழ்களையும் சட்டங்களையும் எடுத்து வாசித்தேன். இந்தப் பதிவு அந்த வாசிப்பிலிருந்து எழுந்தது.

எனக்குத் தோன்றுவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இலங்கையின் மலையகத்தில் தோட்ட மக்களாகிய நாம் ஒரு பாராளுமன்ற உறுப்பினரைச் சம்பள அறிவித்தலை வைத்தும், தகரம், சீமெந்து, கோயில் மணி, மரண வீட்டுக்கு வந்த வருகை ஆகியவற்றை வைத்துமே அளந்து வந்திருக்கிறோம். சட்டம் ஆக்குவதற்காகவே நாம் அவரை அனுப்புகிறோம். சட்டத்தின் மூலம் நமக்குக் கிடைத்தவை எவை, கிடைக்காமல் போனவை எவை என்ற கணக்கை மட்டும் ஒருநாளும் கேட்டதில்லை. அதைத்தான் கேட்க வேண்டும்.

சம்பளத்தை எடுத்துக்கொள்வோம். தேயிலைத் தொழிலாளியின் நாட்சம்பளம் பல ஆண்டுகள் முதலாளிமார் சம்மேளனத்துக்கும் தொழிற்சங்கங்களுக்கும் இடையிலான கூட்டு ஒப்பந்தத்தால் தீர்ந்தது. 2021 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் சம்பள நிர்ணய சபை வர்த்தமானி மூலம் 1,000 ரூபாவை நிர்ணயித்ததோடு கம்பனிகள் அந்த ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொண்டன. ஓர் ஆண்டு கழிந்து 2022 இல் ரூபாவின் மதிப்பு சரிந்தபோது அந்த ஆயிரத்தின் வாங்கும் சக்தி பாதியாகிவிட்டது. 2024 மே தினத்தில் கொட்டகலையில் 1,700 ரூபா அறிவிக்கப்பட்டது, கம்பனிகள் நீதிமன்றம் சென்றன, செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபா என்று வந்து நின்றது. 2025 நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டத்தின்படி, 2026 ஜனவரி தொடக்கம் கம்பனி தரும் 1,550 ரூபாவோடு அரசாங்கம் வருகைக்காக 200 ரூபாவைச் சேர்த்து 1,750 ரூபா ஆக்கியிருக்கிறது. இந்த உயர்வை நான் மனதார வரவேற்கிறேன். கொழுந்தின் நிறை குறைந்தால் பாதி நாட்சம்பளம் மட்டும் பதியும் அரைப்பேர் வழக்கம் இருக்கும் தோட்டத்தில் இந்த 1,750 எத்தனை பேருடைய கைக்கு முழுமையாக வரும் என்பது வேறு கேள்வி, அதைக் காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் நிற்பவர்களே நன்கு அறிவார்கள்.

இதில் நான் சுட்டிக்காட்ட விரும்புவது ஒன்று. 2026 இல் சேர்ந்த அந்த 200 ரூபாவைத் தவிர, மேலே சொன்ன எதுவும் பாராளுமன்ற வாக்கெடுப்பில் தீர்ந்ததில்லை. நமது உறுப்பினர்களிற் பலர் தொழிற்சங்கத் தலைவர்களாகவும் இருப்பதால், சங்கத் தலைவராகச் செய்த காரியம் எது, மக்கள் பிரதிநிதியாகச் செய்த காரியம் எது என்று பிரித்துப் பார்க்க நமக்கே தெரியாமற் போய்விட்டது. மாதாமாதம் நமது சம்பளத்தில் பிடிக்கப்படும் சந்தாவுக்குப் பதிலாகச் சங்கம் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. நமது புள்ளடிக்குப் பதிலாகப் பாராளுமன்றத்தில் செய்ய வேண்டிய வேலை வேறு.

பாராளுமன்றத்தில் கையை உயர்த்துவது எவ்வளவு பெரிய காரியம் என்பதை நமது சமூகத்தைப் போல் அனுபவித்து அறிந்த சமூகம் இந்த நாட்டில் இல்லை. 1947 தேர்தலில் நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமானும் தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளையும் வெவ்வேறு தொகுதிகளில் இன்னும் சிலரும் நமது வாக்கினால் தெரிவானார்கள். மறு ஆண்டே நம்மை நாடற்றவராக்கிய 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949 இல் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டமும், அதனைத் தொடர்ந்து நமது வாக்கைப் பறித்த தேர்தல் திருத்தச் சட்டமும் வந்தன. 1952 தேர்தலில் நம்மவர் ஒருவர்கூடத் தெரிவாகவில்லை. முதற் சட்டத்தை எதிர்த்து வாக்களித்த ஜீ. ஜீ. பொன்னம்பலம், அரசாங்கத்தில் அமைச்சரான பின் 1949 ஆம் ஆண்டுச் சட்டத்தை ஆதரித்தார் என்பதும், அதன் காரணமாகவே அவருடைய கட்சியிலிருந்து செல்வநாயகம் பிரிந்து சென்றார் என்பதும் பலருக்குத் தெரிந்த வரலாறுதான். ஒரே மனிதர் சில மாத இடைவெளியில் அளித்த இரண்டு வாக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பைத் தருவது அவருடைய மேடைப்பேச்சு அன்று, பாராளுமன்றப் பதிவு.

மறுபக்கமும் உண்டு. 1964 இல் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் நம்மவரில் 9,75,000 பேரை இலங்கைக்கும் இந்தியாவுக்கும் எண்ணிக்கையாகப் பங்கு போட்டது, மிச்சமிருந்த ஒன்றரை இலட்சம் பேரை 1974 இல் இரு நாடுகளும் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொண்டன. அந்தக் கணக்கிலும் அகப்படாமல், விண்ணப்பித்தும் பதில் வராமல் இருந்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. 1977 இல் நுவரெலியா மஸ்கெலியா மூவங்கத்தவர் தொகுதியில் மூன்றாவது உறுப்பினராகத் தெரிவான தொண்டமான், அடுத்த ஆண்டு அமைச்சரவையில் சேர்ந்தார். அதைப் பலர் கடுமையாக விமர்சித்தார்கள். 1983 வன்செயலின் பிறகும் அவர் அந்த அமைச்சரவையில் தொடர்ந்ததை இன்றுவரை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. ஆயினும் 1988 ஆம் ஆண்டின் 39 ஆம் இலக்கச் சட்டம், ஒரு சத்தியக் கடதாசியை வைத்துப் பிரஜையாகப் பதிவு பெறும் வழியைத் திறந்துவிட்டது. என் தந்தை அந்தக் கடதாசியைச் சவர்க்காரப் பெட்டி ஒன்றில் துணி சுற்றி வைத்திருந்தார். அவர் பிறந்தது இந்த மண்ணில், ஐம்பது வயதைத் தாண்டிய பிறகுதான் முதன்முறையாக வாக்களித்தார். சாவடிக்குப் போய்வந்த அன்று மாலை அவர் எவரோடும் அதிகம் பேசாமல் வாசற்படியில் உட்கார்ந்திருந்தது எனக்கு நினைவிருக்கிறது. எஞ்சியிருந்தோரின் நாடற்ற நிலையைத் தீர்க்க 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் ஏகமனதாக நிறைவேறியது.

1994 ஆம் ஆண்டை நினைத்தால் எனக்கு ஆற்றாமை வருகிறது. அந்த ஆண்டுத் தேர்தலில் பொதுஜன ஐக்கிய முன்னணிக்கு 105 ஆசனங்கள், அதனோடு சேர்ந்த முஸ்லிம் காங்கிரஸுக்கு ஏழு. 225 பேர் கொண்ட சபையில் 113 என்ற பெரும்பான்மையைத் தொட உதவிய அந்த ஒரு வாக்கு, நுவரெலியாவில் தெரிவான மலையக மக்கள் முன்னணியின் பெ. சந்திரசேகரனுடையது. ஓர் அரசாங்கத்தின் உயிரே நமது ஒரு கையில் இருந்த காலம் அது. அந்த வாக்கின் பெயரால் அவருக்குப் பிரதி அமைச்சர் பதவி கிடைத்தது. அன்று லயத்துக் காணிக்கு ஒரு சட்டமூலத்தை நிபந்தனையாக வைத்திருந்தால், அந்தப் பெரியம்மா இன்று என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

பிற்காலத்தில் உருப்படியாக நடந்தது 2018 இல். 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, தோட்டத்துக்குள் பிரதேச சபை வேலை செய்வதற்குத் தடையாக இருந்தது. நாம் வாக்களித்துத் தெரிவுசெய்த சபையால் நமது லயத்துக்கு முன்னால் உள்ள பாதையில் ஒரு வண்டிக் கல் கொட்ட முடியாது. சட்டம் அப்படி. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இருந்த அந்தத் தடையை, மலையகக் கட்சிகள் சேர்ந்த தமிழ் முற்போக்குக் கூட்டணி அரசாங்கத்தில் இருந்த காலத்தில் திருத்தினார்கள். பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகார சபையை அமைக்கும் 32 ஆம் இலக்கச் சட்டமும் அதே ஆண்டில் வந்தது. அக்கூட்டணியின் அரசியலோடு எனக்குப் பல விடயங்களில் உடன்பாடு இல்லை. ஆனால் இவை இரண்டும் சட்டப் புத்தகத்தில் இருக்கின்றன, அடுத்து வரும் அமைச்சர் நினைத்த மாத்திரத்தில் அழித்துவிட முடியாதவை.

அதே காலத்தில் நடந்த இன்னொரு வாக்கெடுப்பையும் சொல்லியாக வேண்டும். மாகாண சபைத் தேர்தலை விகிதாசார முறையிலிருந்து, தொகுதியும் விகிதாசாரமும் சேர்ந்த கலப்பு முறைக்கு மாற்றும் சட்டத்தை 2017 செப்டெம்பரில் மூன்றில் இரண்டு பெரும்பான்மையோடு நிறைவேற்றினார்கள். அதன்படி தயாரான எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஆகஸ்டில் சபைக்கு வந்தபோது ஆதரவாக ஒரு வாக்கும் விழவில்லை, எதிராக 139. அறிக்கையைச் சமர்ப்பித்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார். பழைய சட்டமும் இல்லை, புதிய எல்லையும் இல்லை என்ற நிலையில் மாகாண சபைத் தேர்தல் அதன் பின் நடைபெறவேயில்லை. சிதறி வாழும் நமக்குத் தொகுதி முறை எவ்வளவு ஆபத்தானது என்பது சட்டத்துக்குக் கை உயர்த்திய போதே தெரிந்திருக்க வேண்டும். இன்று மீண்டும் தேர்தல் முறை பற்றிய பேச்சு எழும்போது, நமது உறுப்பினர் ஒவ்வொருவரும் விகிதாசாரத்தை ஆதரிக்கிறாரா, கலப்பு முறையை ஆதரிக்கிறாரா என்பதை எழுத்தில் சொல்ல வேண்டும்.

இனி காணிக்கு வருகிறேன், ஏனெனில் எல்லாம் அங்கேதான் வந்து முடிகிறது. தோட்டங்கள் 1990களில் கம்பனிகளுக்குக் கொடுக்கப்பட்டபோது குத்தகைக் காலம் 53 ஆண்டுகள் என்று வைக்கப்பட்டது. 1992 இலிருந்து எண்ணினால் அது 2045 இல் முடிகிறது. இன்னும் இருபது ஆண்டுகூட இல்லை. அந்தக் குத்தகையைப் புதுப்பிக்கும்போது, அதற்குள் வாழும் குடும்பங்களின் குடியிருப்பு நிலமும் காய்கறித் தோட்டமும் குத்தகையிலிருந்து விலக்கப்படுமா? இதைக் கேட்டுச் சபையில் ஒலித்த குரலை நான் தேடினேன், மிகக் குறைவாகவே கண்டேன். ஏழு பேர்ச் காணியில் கட்டிய இந்திய வீட்டுத்திட்ட வீடுகளைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள். ஏழு பேர்ச் தொடக்கம்தான். பத்திரம் ஒன்றைக் கையில் கொடுத்துப் படம் எடுப்பதற்கும், காணிப் பதிவகத்தில் பெயர் ஏறிய காணி உறுதியைக் கொடுப்பதற்கும் உள்ள தூரத்தை வங்கியில் கடன் கேட்டுப் போனவரைக் கேட்டால் தெரியும்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு மலைகள் சரிந்து வந்த அந்த நாட்களின் பின் இது வெறும் உரிமைப் பேச்சாக இல்லை. பதுளை, கண்டி, நுவரெலியா, மாத்தளை எங்கும் மண் வந்தது. பாடசாலை மண்டபங்களில் படுத்திருந்தவர்களிற் பலருக்கு, திரும்பிப் போகவேண்டிய லயம் ஆபத்தான சரிவில் இருந்தது, வேறெங்கும் ஒரு சாண் நிலம் சொந்தமாக இல்லை. சொந்தக் காணி உள்ளவருக்கே நட்டஈட்டுப் படிவத்தை நிரப்புவது கடினம். லயத்தில் இருந்தவருக்கோ அந்தப் படிவத்தில் உரிமையாளர் பெயர் என்ற வரியில் எதை எழுதுவது என்பதே தெரியவில்லை.

ஹன்சாட்டை வாசிப்பது ஆசிரியர்களுக்கும் சட்டத்தரணிகளுக்கும் உரிய வேலை என்று எண்ணாதீர்கள். உறுப்பினர் தமிழில் பேசினால் அது தமிழிலேயே அச்சாகிறது. எத்தனை நாள் வந்தார் என்பதில் நான் அதிகம் கவனம் வைப்பதில்லை. வாய்மூல விடைக்கான வினாக்களில் எதைக் கேட்டார், அமைச்சர் தந்த விடையைத் தொடர்ந்து இடைக்கேள்வி கேட்டாரா, குழுநிலை விவாதத்தில் பெருந்தோட்ட அமைச்சின் செலவினம் வந்த நாளில் என்ன பேசினார் என்று பார்ப்பது பலன் தரும். பல சட்டமூலங்கள் வாக்கெடுப்பு இன்றியே நிறைவேறிவிடுகின்றன, அந்த நாளில் எழுந்து வாக்கெடுப்பைக் கோரியவர் யார் என்பதும் ஒரு பதிவுதான்.

2024 நவம்பர் தேர்தலில் நமது மாவட்டத்துக்கான எட்டு ஆசனங்களில் ஐந்தைத் தேசிய மக்கள் சக்தி பெற்றது. நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வியும் பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேலும் சபைக்குப் போனார்கள். கொழுந்துக் கூடையின் பாரத்தைப் பெண்களே சுமக்கும் சமூகத்திலிருந்து பெண்கள் அங்கே அமர்ந்திருப்பதை நான் பெருமையோடு பார்க்கிறேன். ஆளும் தரப்பில் இருப்பதால் அவர்களிடம் கேட்கவேண்டியதும் அதிகம். எதிர்த்தரப்பில் இருக்கும் நம்மவர்களுக்கும் தனியார் உறுப்பினர் சட்டமூலம் கொண்டுவரும் உரிமை இருக்கிறது, அதை அவர்கள் மறந்துவிட வேண்டாம்.

சென்ற திங்கட்கிழமை நுவரெலியா மாவட்டத்தின் எட்டு உறுப்பினர்களுக்கும், தமிழிலும் சிங்களத்திலும் ஒரே கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். 2045 குத்தகை முடிவில் குடியிருப்புக் காணியை விலக்கச் சட்டம் கொண்டுவருவீர்களா, மாகாண சபைத் தேர்தல் முறையில் உங்கள் நிலைப்பாடு என்ன, சரிவுகளில் உள்ள லயங்களிலிருந்து அகற்றப்படும் குடும்பங்களுக்கு உறுதியோடு கூடிய காணி எவ்வளவு என்று கேட்டிருக்கிறேன். எந்தக் கட்சியிலிருந்து பதில் வந்தாலும் ஒரு சொல் குறைக்காமல் இங்கே இடுவேன். தலவாக்கலைப் பேருந்து நிலையத்தில் அந்தப் பெரியம்மாவைத் திரும்பவும் சந்தித்தால் அவருக்கும் வாசித்துக் காட்டுவேன்.